ஆளுக்கு ஒரு நிமிஷம்

மூன்று மாத ஹயர் பாக்கிக்குப் பதிலாக
கெஸ்ட் ஹவுஸை மூடிக்கொண்டு போனவர் தந்தது.
எழுபது மில்லிமீட்டர் வாய். ஒரு கால் ஒடிசல்.
கிளச் கேபிள் சுற்றி நிற்க வைத்தேன்.
அப்புத்தளை ஓட்டோ ஸ்டாண்டில் அதற்குப் பெயர்
மரியசூசையின் பீரங்கி.

முதல் இரவு ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாம் இரவு என் இமை மயிர் தெரிந்தது.
மூன்றாம் இரவில்தான் மண்டையில் ஏறியது:
பத்து என்று எழுதிய வில்லையை முதலில் போடாதே.
இருபத்தைந்தைப் போடு, ஆளைக் கண்டுபிடி,
பிறகு மாற்று.
எந்த மேட்டிலும் நாலாம் கியரில் வண்டி கிளம்பாது.
இது எனக்குத் தெரியாதா?

தேடுகுழலைப் பகலில்தான் பொருத்த வேண்டும்.
எதிர்மலை டவரைப் பிடித்தேன்.
சின்னக் குழலில் அது தலைகீழாகத் தொங்கியது.
பெரிய குழலில் நேராக நின்றது,
ஆனால் இடம் வலமாகி.
கீழே போன பதுளை பஸ்ஸின் பலகை
ஆம்புலன்ஸ் நெற்றி எழுத்துப் போல.
எமல்டா வந்தாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளாய்
ஒற்றைக் கண்ணைச் சுருக்கி
மூன்று திருகாணியையும் அரையரைச் சுற்றுத் திருப்பி
"இப்பப் பாருங்க" என்றாள்.
இரண்டு குழலிலும் ஒரே உச்சி.

மங்கலானதை நேரே பார்க்கக்கூடாதாம்.
கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் வரும்.
பெரகலை வளைவில் மூட்டம் இறங்கும்போது
எதிரே வெறித்தவன் பள்ளத்தில் கிடப்பான்;
ஓரத்து வெள்ளைக் கோட்டில் கண் வைத்தால்
பாதை தானாக வரும்.
அப்படித்தான் கிடைத்தது, தனுசுக்குள்,
அசையாத ஒரு பீடிப் புகை.

சனி ஆளைப் பிடிக்கும் என்றுதான்
இத்தனை காலமும் கேள்வி.
ஆகஸ்ட் காற்று ஓய்ந்த ஓர் இரவு
நான் சனியைப் பிடித்தேன்.
கடுகளவு. வளையத்தோடு. கத்தரித்து ஒட்டியது போல.
எவனாவது படம் ஒட்டியிருக்கிறானா என்று
குழலின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன், சத்தியமாக.

திரும்பி வந்தால் காணோம்.
கால் வழுக்குகிறது என்று கேபிளை இறுக்கினேன்.
பிடித்தேன். நழுவியது,
அவசரமே இல்லாமல், ஓரத்தை நோக்கி.
மூன்றாம் தடவை எமல்டா சொன்னாள்:
"ஸ்டாண்டை ஏன் திட்டுறீங்க? ஓடுறது நாமதானே."
ஹேண்ட்பிரேக் போட்ட ஓட்டோ,
லயம், கொழுந்து மடுவம், டிஸ்பென்சரி,
எல்லாம் சேர்ந்து.

அதனால் ஆளுக்கு ஒரு நிமிஷம்.
வரிசை நின்றது. சடையாண்டி அண்ணன் மட்டும்
மதகில் உட்கார்ந்துகொண்டார்.
"எனக்கு ஏழரை நடக்குது.
அஞ்சு வருஷமா அது என்னயப் பாக்குறது போதும்,
நான் வேற அதைப் பாக்கணுமா?"
யாரும் சிரிக்கவில்லை.
போன மழையில் அவர் காம்பிராவின் பின்சுவர்
மண்ணோடு போனது.

எல்லாரும் கலைந்த பிறகு வந்தார்.
கம்பளித் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.
ஒரு நிமிஷம் முடிந்தது.
குழலை ஒரு மயிரளவு தள்ளிக் கொடுத்தேன்.
இன்னொரு நிமிஷம்.
"இத்தனூண்டா?" என்றார்.
பிறகு, கண்ணை எடுக்காமல், கொஞ்சம் கோபமாக,
"இது பாட்டுக்கு அங்க கெடக்கு."

கீழ்நாட்டு விளக்குகளைத் தின்றபடி மூட்டம் ஏறியது.
வில்லையில் ஈரம்.
பெற்றோல் கணக்குக் கொப்பியில் எழுதினேன்:
சனி. பத்தே முக்கால். வளையம் தெரிந்தது.
ஆட்கள் ஒன்பது.
அதற்கு மேல் வரியில்
பண்டாரவளை ஹயர், ஆயிரத்து முந்நூறு, கடன்.

எமல்டா டோர்ச்சைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
"இன்னைக்கு வியாழன்ல?" என்றாள்.
"வியாழன் நாலு மணிக்குத்தான் வரும்" என்றேன்,
முதல் பஸ்ஸைச் சொல்கிற மாதிரி.